ஜியோகேச்சிங்: கடைசிப் பத்து மீட்டரில்தான் விளையாட்டு

செல்போன் திரையில் ஓர் அம்புக்குறி. அதன் கீழே 214 மீட்டர் என்று இருக்கிறது. அம்பு காட்டும் பக்கம் நடக்க நடக்க எண் குறைகிறது: 120, 60, 22, 9. அங்கே போனதும் அம்புக்குறிக்குக் குழப்பம் வந்துவிடும். முன்னால் என்கிறது, திரும்பினால் பின்னால் என்கிறது, சும்மா நின்றாலே 9 மீட்டர் 14 ஆகிறது. இனி போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டியதுதான். ஜியோகேச்சிங் உண்மையில் ஆரம்பிப்பது இங்கேதான்.

விளையாட்டின் விதி எளிது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை வெளியிடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துக்கொண்டு தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தால், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். முதல் பரிசு, கோப்பை எல்லாம் கிடையாது.

படிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ‘கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா’ என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள், ‘டப்பா தேடப் போகலாமா’ என்றால் செருப்பைத் தேடுவார்கள். நடைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் பெரியவர்களுக்கு எந்தச் சலுகையும் இல்லை. உயரம், அனுபவம், வேகம் எதுவும் பயன்படாது. பெஞ்சின் அடிப்பகுதியும் மரத்தின் வேர்ச் சந்தும் ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்குத்தான் முதலில் படும். வீட்டில் எல்லோரும் சமமாக விளையாடக்கூடிய விளையாட்டுகள் அதிகம் இல்லை. இது அதில் ஒன்று.

ஒரு கறுப்பு வாளியில் தொடங்கியது

செயற்கைக்கோள்களை வைத்து நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ், அமெரிக்க ராணுவம் தனக்காக அமைத்தது. பொதுமக்களும் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அவர்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். கப்பலுக்கு அது போதும், டப்பா தேட உதவாது. 2000 மே 2 அன்று, அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க இருந்த கருவிகள் ஒரே இரவில், யாரும் கைவைக்காமலேயே, பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகருக்குப் பக்கத்தில், பீவர்கிரீக் என்ற ஊரின் காட்டுப் பகுதியில், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இடத்தின் எண்களை ஜிபிஎஸ் ஆர்வலர்களின் இணையக் குழுவில் போட்டார். போய்ப் பாருங்கள், ஏதாவது எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வையுங்கள், வந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் பதிவு செய்தவர் மைக் டீக். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கியபோது, உலகத்தில் மொத்தமே 75 பெட்டிகள்தான் இருந்தன. இன்று 30 லட்சத்துக்கும் மேல். அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இருக்கின்றன. 2008இல் ரிச்சர்ட் கேரியட் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அங்கேயும் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்தார்.

ஒளித்துவைத்துத் தேடும் பழக்கம் அதற்கும் முன்பே உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் 1854இல் ஒரு வழிகாட்டி, கஷ்டப்பட்டு நடந்துபோய்ச் சேர வேண்டிய ஓரிடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும்படி செய்தார். ஜிபிஎஸ் வந்ததும் அந்தப் பழைய ஆசைக்கு எண்கள் கிடைத்தன, அவ்வளவே.

எண்களை எப்படிப் படிப்பது

அல்மர் போட்ட எண்களையே எடுத்துக்கொள்வோம்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. முதல் பகுதி, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் என்பது. இரண்டாவது, கிரீன்விச்சிலிருந்து மேற்கே எவ்வளவு என்பது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். இங்கே நிமிடம் என்பது நேரம் அல்ல, கோணத்தின் ஒரு பகுதி. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்றால் சுமார் 1.85 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றாவது இலக்கம் 1.85 மீட்டர். 17.460 என்பதை 17.461 என்று தட்டினால் இரண்டு மூன்று எட்டு தள்ளி நிற்பீர்கள், பரவாயில்லை. 17.560 என்று தட்டிவிட்டால் 185 மீட்டர் தள்ளிப் போய், தவறான மரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஜியோகேச்சிங் செயலியில் பெட்டியைத் தொட்டாலே எண்கள் தானாக ஏறிவிடும் என்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. ஆனாலும் பிள்ளைகளை ஒருமுறை கையால் போடச் சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் உருண்டையின் மேல் வரைந்த கோடுகளாக இருந்த அட்சரேகை, அவர்கள் காலடியில் வந்து நிற்பது அப்போதுதான்.

சரி, அம்புக்குறி ஏன் கடைசியில் தடுமாறுகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இந்த நொடியில் நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தவறும். அடர்ந்த மரங்கள் சமிக்ஞையை மங்கவைக்கும். உயரமான சுவர்களில் பட்டு வரும் சமிக்ஞை சுற்றுவழியில் வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். திறந்த வெளியில் நல்ல போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். ஆனால் டப்பாவை ஒளித்தவரின் கருவியிலும் இதே அளவு பிழை இருந்திருக்கும் அல்லவா? அவர் பிழையும் உங்கள் பிழையும் சேர்ந்தால் பத்து மீட்டர் சர்வசாதாரணம். அதனால்தான் அனுபவசாலிகள் எண் பத்துக்குக் கீழே வந்ததும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். புதியவர்கள் சுழியம் காட்டும் இடத்தைத் தேடி வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள்.

முதல் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது

முதல் தடவையே கிடைக்காமல் போனால் பிள்ளைகளுக்கு இரண்டாவது தடவை வர மனம் வராது. ஆகவே இதில் கொஞ்சம் மெனக்கெடலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும், 1 முதல் 5 வரை, அரை அரையாக. முதலாவது கண்டுபிடிப்பதன் கடினம். இரண்டாவது பாதையின் கடினம். பாதை 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம், ஆகவே குழந்தை வண்டிக்கும் தாத்தா பாட்டிக்கும் சரி. பாதை 5 என்றால் கயிறோ படகோ வேறு ஏதேனும் தனிக் கருவியோ இல்லாமல் முடியாது. தொடக்கத்தில் இரண்டும் 1.5க்குள் இருக்கட்டும்.

அப்புறம் அளவு. இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ‘மைக்ரோ’ என்றால் பழைய கேமரா பிலிம் டப்பா அளவு. அதிலும் சிறியது நானோ, விரல் நுனி அளவில் காந்தம் ஒட்டிய குப்பி. இவற்றில் தாள் மட்டும்தான் இருக்கும். பெரியவர்களுக்கு அதைக் கண்டுபிடித்ததே திருப்தி. பிள்ளைகளுக்கோ திறந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். ‘ஸ்மால்’ என்றால் 100 மில்லிலிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை, ‘ரெகுலர்’ அதற்கு மேல் 20 லிட்டர் வரை. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த இரண்டையும் தேடுங்கள். என் கருத்தில், குழந்தைகளை அழைத்துக்கொண்டு நானோ தேடுவது குடும்பச் சண்டைக்கு வழி.

பெட்டியின் இணையப் பக்கத்தில் கீழே போய்ப் பழைய பதிவுகளையும் படியுங்கள். கடைசியாக வந்த நான்கைந்து பேர் கண்டுபிடித்திருந்தால் பெட்டி இருக்கிறது என்று நம்பலாம். வரிசையாக ‘கிடைக்கவில்லை’ என்று இருந்தால் பெட்டியே போயிருக்கக்கூடும்.

வகைகளில் ‘டிரெடிஷனல்’ என்பதில் எண்கள் காட்டும் இடத்திலேயே டப்பா இருக்கும். ‘மல்ட்டி’யில் ஓரிடத்தில் அடுத்த இடத்துக்கான குறிப்பு கிடைக்கும். ‘மிஸ்டரி’யில் முதலில் வீட்டில் உட்கார்ந்து புதிரை விடுவிக்க வேண்டும், வரைபடத்தில் தெரியும் புள்ளியில் பெட்டி இருக்காது. இது தெரியாமல் கேள்விக்குறி போட்ட புள்ளியைத் தேடிப் போய்த் திரும்பியவர்கள் உண்டு. ‘எர்த்கேச்’சில் டப்பாவே கிடையாது. பாறை அடுக்கு, ஊற்று, மணல்மேடு போன்ற ஓர் இடத்துக்குப் போய், பார்த்ததை வைத்துக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அருமையான வகை.

ஜியோகேச்சிங்.காமில் கணக்குத் தொடங்க இலவசம். கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் காட்டப்படும் பெட்டிகளும் உண்டு, ஆனால் பழகுவதற்கு இலவசமே தாராளம்.

தேடும் இடத்தில்

அம்புக்குறி காட்டுவது பறவை பறக்கும் வழி. 150 மீட்டர்தான் என்று நேரே நடந்தால் நடுவில் ஓடையோ வேலியோ வந்து நிற்கும். பாதை எங்கே சுற்றிப் போகிறது என்று வரைபடத்தைப் பார்த்துப் போங்கள். செடிகளை மிதித்துக் குறுக்கு வழி போட வேண்டாம். ஒருவர் மிதித்தால் அடுத்தடுத்து வருபவர்கள் அதையே பாதையாக்கிவிடுவார்கள்.

நெருங்கும் வரை போன் சின்னவர் கையில் இருக்கட்டும். பக்கத்தில் வந்ததும் எல்லோரும் நின்று, ‘நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்’ என்று ஒரு சுற்றுப் பாருங்கள். தேட வேண்டியது டப்பாவை அல்ல, இயற்கையாக இல்லாத ஒன்றை. மரத்தடியில் ஐந்தாறு குச்சிகள் ஒரே நீளத்தில், ஒரே திசையில் கிடக்கின்றன. காற்று குச்சிகளை அப்படி அடுக்காது. கல் ஒன்று மட்டும் பாசி இல்லாமல், அடிப்பக்கம் மேலே தெரியும்படி கிடக்கிறது. வேலிக் கம்பத்தின் மூடி மற்ற கம்பங்களைவிடப் புதிதாக இருக்கிறது. இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஆனால் கையை முதலில் விடாதீர்கள். பொந்து, கல்லிடுக்கு, இலைக் குவியல் எதுவானாலும் முதலில் குச்சியால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கை. பாம்பும் தேளும் இந்த விளையாட்டின் விதிகளைப் படித்ததில்லை.

எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் பெட்டியின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அது தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். செயலியில் ஒரு தட்டுத் தட்டினால் விடை தெரியும். அதற்குப் பதில் தாளும் பென்சிலும் கொடுத்துப் பிள்ளைகளையே விடுவிக்கச் சொன்னால் அது ஒரு தனி விளையாட்டு. மொத்தம் 26 எழுத்து என்பதால் இன்னொரு முறை 13 தள்ளினால் பழைய எழுத்தே திரும்ப வந்துவிடும்.

சுற்றியிருப்பவர்களையும் கவனிக்க வேண்டும். விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களை ‘மகிள்’ என்பார்கள். அவர்கள் கண்ணெதிரே டப்பாவை எடுத்தால், நாம் போன பிறகு ஆர்வத்தில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆட்கள் நகரும் வரை ஷூ லேஸ் கட்டுவதுபோல நடிப்பது இந்த விளையாட்டின் பொதுமொழி. ஆனால் யாராவது நேரடியாகக் கேட்டால், அதிலும் காவலரோ இடத்தின் உரிமையாளரோ கேட்டால், மழுப்பாமல் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பதுங்கிப் பதுங்கி எதையோ ஒளித்துவைக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். வெடிகுண்டு என்று நினைத்து வல்லுநர்களை வரவழைத்துப் பெட்டிகளை உடைத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

திறந்த பிறகு

உள்ளே சுருட்டிய தாள், பெரும்பாலும் ஜிப் பையில். பிலிம் டப்பாவில் அது மூடியோடு ஒட்டி, ஈரம் ஏறி, விரலுக்குச் சிக்காமல் உட்கார்ந்திருக்கும். ஒரு சின்ன இடுக்கி கைவசம் இருந்தால் தாள் கிழியாது. பேனா உங்களுடையதாக இருக்க வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெயர், தேதி எழுதி, வந்த மாதிரியே இறுக்கிச் சுருட்டி, காற்றை வெளியேற்றிப் பையை மூடுங்கள். மூடி சரியாகப் பொருந்தியதா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெட்டிகள் பாழாவது பெரும்பாலும் பாதி மூடிய மூடியால்தான்.

பொம்மை, கோலிக்குண்டு, வண்ணக்கல் ஏதாவது இருந்தால் பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அதே மதிப்புள்ளதையோ அதைவிட நல்லதையோ வைக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாற்றுப் பொருளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். உணவுப் பொருள் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும். கத்தி, பட்டாசு, தீப்பெட்டி, மது கூடவே கூடாது.

உள்ளே எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று தொங்கினால் அது பரிசுப் பொருள் அல்ல, பயணி. ‘டிராவல் பக்’ என்று பெயர். ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்து, அந்த எண்ணை இணையத்தில் பதிந்தால் அது இதுவரை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும். சில தகடுகளுக்கு அதன் சொந்தக்காரர் ஒரு குறிக்கோளும் கொடுத்திருப்பார்: கடலைப் பார்க்க வேண்டும், மலை உச்சிக்குப் போக வேண்டும் என்று. அடுத்த பெட்டிக்குப் போகப் போவதில்லை என்றால் எடுக்காமல் விட்டுவிடுங்கள். மேசை இழுப்பறையில் முடங்கிப்போன தகடுகள் ஏராளம்.

வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டாலும் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவதுதான் முறை. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெட்டியின் சொந்தக்காரருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிவது அப்படித்தான். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் படத்தை மட்டும் போடாதீர்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை குறைவு. தண்ணீர், பேனா, மாற்றுப் பொருள், டார்ச், காலை மூடும் செருப்பு. ஜிபிஎஸ் ஓடும்போது பேட்டரி வேகமாக இறங்கும், பவர் பேங்க் இருந்தால் நல்லது. காட்டுப் பாதையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், ஆகவே பெட்டியின் விவரத்தை முன்பே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலிப் பையும் இருக்கட்டும், வழியில் கிடக்கும் குப்பையை எடுத்துவருவது இந்த விளையாட்டுக்காரர்களிடம் 2002 முதல் ஓர் இயக்கமாகவே இருக்கிறது.

நாமே ஒன்று வைக்க நினைத்தால்

பத்து இருபது பெட்டியாவது தேடிப் பார்த்த பிறகு வைப்பது நல்லது. எந்த மாதிரி மறைவிடம் சுவாரசியம், எது எரிச்சல் என்று அதற்குள் பிடிபட்டுவிடும். இடத்துக்குச் சொந்தக்காரரிடமோ பொறுப்பில் இருப்பவரிடமோ அனுமதி வாங்க வேண்டும். தோண்டிப் புதைக்கக் கூடாது. அல்மரின் பாதி புதைத்த வாளியே இன்றைய விதிப்படி தேறாது. இன்னொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டப்பாவின் மேல் இது என்னவென்று எழுதி ஒட்டுங்கள், முடிந்தால் உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாக வையுங்கள். எண்களை ஒரே தடவையில் குறிக்காமல், வேறு வேறு நேரத்தில் போய் அளந்து சராசரி எடுங்கள், தேடுபவர்கள் வாழ்த்துவார்கள். எல்லாம் எழுதி அனுப்பினால், ஊதியம் வாங்காத தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்து வெளியிடுவார்.

விடுமுறைக்குப் போன ஊரில் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. தாள் நிறைந்தால் மாற்ற வேண்டும், மூடி உடைந்தால் புதுசு போட வேண்டும், மழைக்காலத்துக்கு அப்புறம் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரமே நல்லது. இந்த வேலையையும் பிள்ளைகளிடமே கொடுக்கலாம், யாரெல்லாம் வந்து எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க அவர்களுக்கு ஆவலாக இருக்கும். ஊர் மாறினாலோ பார்த்துக்கொள்ள முடியாமல் போனாலோ, டப்பாவை எடுத்துவந்துவிட்டுத் தளத்திலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்த இடம் வேறொருவருக்குக் காலியாகும்.